அவர் தண்ணிக்குள்ளேயே கிடக்கிறார்

1

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு நவம்பர் மாதம். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் நான் வேலை செய்த செல்லப்பிராணிக் கடையில் ரெலிபோன் அடித்தது. தமிழ்க் குரல் கேட்டதும் முதலாளி பெவ் ரிசீவரை என் கையில் தந்துவிட்டாள்.

"தம்பி, அவர் ஒரு மாசமாச் சாப்பிடுறாரில்லை," என்றார் ஒரு பெண்மணி.

"ஆர் அன்ரி?"

"அவர்தான். நாள் முழுக்கத் தண்ணிக்குள்ளேயே கிடக்கிறார். வெளியில வரமாட்டாராம்."

"அன்ரி, நீங்கள் நம்பர் மாறி அடிச்சிட்டியள். இது நாய், பூனை விக்கிற கடை. அங்கிளை டொக்டரிட்டக் காட்டுங்கோ."

"ஐயோ, இவரில்லைத் தம்பி! இவர் ரெண்டு தரம் சாப்பிட்டிட்டு ரிவி பாத்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்லுறது தம்பிரானை. பாம்பு, பாம்பு!"

மோர்னிங்சைட் தெருப் பத்மினி அன்ரி எனக்குப் பழக்கமானது இப்படித்தான். அவருடைய மகன் சுதன் ஒரு 'போல் பைதன்' மலைப்பாம்பு வளர்த்தான். பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், விஷமில்லாத ஆபிரிக்கப் பாம்பு. அவன் அதற்கு வைத்த பெயர் ரொக்கி. ஊரில் பாம்புத் தெய்வமான நாகதம்பிரானின் கோயிலடியில் பிறந்த அன்ரிக்குப் பாம்பை 'அது' என்று சொல்ல வாய் வராது. அதனால் அவருக்கு அது தம்பிரான்.

செப்டெம்பரில் சுதனுக்கு வேறு நகரத்தில் யூனிவேர்சிற்றி இடம் கிடைத்தது. "ரொக்கியை ஆர் பாக்கிறது, நான் போகமாட்டன் எண்டு நிண்டவன் தம்பி. நான் பாக்கிறன், நீ போய்ப் படி எண்டு வாக்குக் குடுத்துத்தான் அனுப்பினனான். அவருக்கு ஒண்டு நடந்தா நான் அவன்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?" என்றார்.

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "தெர்மோமீற்றர் என்ன காட்டுது அன்ரி?"

"எழுபத்திரண்டு."

"அதுதான் பிழை. சூடு காணாது. ஹீற் பாட் டயலைக் கூட்டி விடுங்கோ."

2

எனக்கு இந்தத் திமிர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் அந்தக் கடைக்கு நிலம் கூட்டவும் நாய்ச் சாப்பாட்டு மூட்டை அடுக்கவும்தான் போனேன். முதல் நாளே பெவ் கேட்டாள்: "நீ சிலோன்காரன்தானே? அப்ப உனக்குப் பாம்பு பழக்கமா இருக்கும்." அவள் இங்கிலிஷில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். ஊரில் நான் பாம்பைப் பார்த்ததெல்லாம் ஓடிக்கொண்டு திரும்பிப் பார்த்ததுதான். ஆனால் வேலை வேண்டுமே! "ஓம், நல்ல பழக்கம்," என்றேன். அவ்வளவுதான், பின்னறையில் இருந்த இருபது பாம்புத் தொட்டிகளையும் என் தலையில் கட்டிவிட்டாள்.

பெவ் தொழில் தெரிந்தவள், சுள்ளென்று பேசுகிறவள். பாம்பு தன் உடம்பில் தானாகச் சூடு உண்டாக்காது, அது கிடக்கிற இடத்துச் சூடுதான் அதற்குச் சூடு என்று அவள்தான் படிப்பித்தாள். தொட்டியின் ஒரு பக்கத்து அடியில், கரண்டில் சூடாகிற ஹீற் பாட் ஒட்ட வேண்டும். அந்தப் பக்கம் எண்பத்தெட்டு, தொண்ணூறு. மற்றப் பக்கம் எண்பதுக்குக் கொஞ்சம் கீழே. பாம்புக்காரர் கணக்கெல்லாம் அப்போது பரன்ஹைட்தான். சூடு போதாவிட்டால் தின்ற எலி வயிற்றில் செமிக்காது, பிறகு பாம்பு சாப்பாட்டையே திரும்பிப் பாராது.

ரொறன்ரோக் குளிரில் கடைக்கு வருகிற பாம்புப் பிரச்சினை எல்லாம் அநேகமாகக் குளிர்தான். "சூட்டைக் கூட்டுங்கோ" என்று சொல்லிச் சொல்லியே நான் இரண்டு வருடத்தில் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். ஆட்கள் பெயர் சொல்லி என்னைத் தேடி வந்தார்கள். தமிழ்ச் சனம் 'பாம்புச் சிவா' என்றது. உள்ளுக்குள் எனக்கு ஒரே புளுகமும் பெருமையும்.

3

நாலு நாள் கழித்து அன்ரி திரும்ப எடுத்தார்.

"தம்பி, நான் ஒண்டு சொன்னாச் சிரிக்கக் கூடாது. அவருக்கு உடம்புச் சூடு போலக் கிடக்கு."

நான் சிரித்தேன். ரிசீவரைப் பொத்திக்கொண்டுகூடச் சிரிக்கவில்லை.

"அன்ரி, உடம்புச் சூடு எங்களுக்கு. பாம்புக்கு அப்பிடி ஒண்டும் இல்லை."

"வெந்தயம் ஊறவைச்ச தண்ணிதான் நேற்று வைச்சனான்."

"ஐயோ அன்ரி, உதை உடனே வெளியில ஊத்துங்கோ!"

"ஊத்திறன். சனிக்கிழமை தலைக்குக் கொஞ்சம் நல்லெண்ணெய்..."

"பாம்புக்கோ!"

"ஏன் கத்துறீர்? கேட்டனான்தானே. அப்ப பச்சைத் தண்ணியையாவது அடிக்கடி மாத்தி விடட்டோ?"

"தேவையில்லை. அது தோல் கழட்டப் போகுது, அதுதான் ஊறிக்கொண்டு கிடக்கு. இப்ப என்ன காட்டுது?"

"எழுபத்து மூண்டு."

"இன்னும் கூட்டுங்கோ."

போனை வைத்துவிட்டு, உடம்புச் சூட்டுக் கதையைக் கடை முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். கனடாவுக்கு வந்தும் எங்கட சனம் திருந்தவில்லை என்று ஒரு பெரிய மனிதக் கதையும் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

புதன்கிழமை மூன்றாம் தரம் போன் வந்தது. அன்ரி அழுதுகொண்டிருந்தார். "கண்ணாடியை மூக்கால முட்டி முட்டி வெளியில வரப் பாக்கிறார். பிறகு தண்ணிக்குள்ள போய்ச் சரிஞ்சு கிடக்கிறார். சனிக்கிழமை சுதன் வாறான் தம்பி. நான் என்ன செய்ய?"

பக்கத்தில் நின்ற பெவ் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"பாம்பு எங்க படுக்குது?"

"தண்ணிச் சட்டிக்குள்ள."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல."

"தோல் கழட்ட ஒரு மாசம் ஊறுற பாம்பை நீ எங்க கண்டனீ?" என்றாள். மேசை லாச்சியைத் திறந்து, வயர் வைத்த தெர்மோமீற்றரை எடுத்து என் கோட்டுப் பொக்கற்றுக்குள் திணித்தாள். "வாயால வைத்தியம் பாத்தது போதும். இப்பவே போ."

4

வீட்டுக் கதவு திறந்ததும் என் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், வெளியில் உறைகிற குளிர், உள்ளே அங்கிள் பெனியனோடு இருந்து விசிறிக்கொண்டிருந்தார். நான் நேரே தொட்டியடிக்குப் போனேன்.

தொட்டி ஹோலில், சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டை ஸ்டூலில் இருந்தது. "சுதன் பேஸ்மென்றிலதான் வைச்சிருந்தவன். அங்க குளிருக்குள்ள கிடக்கிறார் பாவமெண்டு போன மாசம் நான்தான் இவரைக்கொண்டு மேல தூக்குவிச்சு, வீட்டுச் சூட்டையும் கூட்டி விட்டனான்," என்றார் அன்ரி. ஸ்டூலுக்கு நேர் கீழே நிலத்தில் வென்ற். வீட்டைச் சூடாக்குகிற பேர்னஸின் காற்று அதனூடாகத் தொட்டியின் அடியில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஹீற் பாட். அதற்கும் மேல், போனில் நான் இரண்டு தரம் கூட்டுவித்த டயல். ஒட்டுத் தெர்மோமீற்றர் மட்டும் யன்னல் பக்கக் கண்ணாடியில் மேலே ஒட்டிக்கொண்டு, யன்னல் குளிரை வாசித்து எழுபத்து மூன்று காட்டியது.

வயரைத் தொட்டியின் நிலத்தில் வைத்தேன். நூற்றுப் பன்னிரண்டு. மற்றப் பக்கம் தொண்ணூற்றேழு. பாம்பு ஒதுங்கிப் போக அந்தத் தொட்டிக்குள் ஒரு இடமும் இல்லை. தண்ணிச் சட்டியைத் தவிர.

பிளக்கை இழுத்துக் கழற்றினேன். எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"அன்ரி, நீங்கள் சொன்னதுதான் சரி. உடம்புச் சூடேதான். பிழை முழுக்க என்ர."

"நான் முதலே சொன்னனான்தானே!" என்று அன்ரி இடுப்பில் கை வைத்தார்.

"நானும் ஒரு மாசமா வேர்க்குது, வேர்க்குது எண்டு கத்துறன்," என்றார் அங்கிள். "இந்த வீட்டில என்ர சொல்லை ஆர் கேட்டது?"

சட்டித் தண்ணீரில் விரலை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. அந்த வெக்கைக்குள் அது எப்படி? கேட்டபோது அன்ரி தலையைக் குனிந்துகொண்டார். "நீர் மாத்த வேண்டாமெண்டு சொன்னனீர். மனம் கேக்கேல்லை. மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பைப்புத் தண்ணி மாத்தி விடுறனான்."

"ஆர் மாத்திறது?"

"வேற ஆர்? இவர் கிட்டவும் வரார். நான் கண்ணை மூடிக்கொண்டு, தம்பிரானே தம்பிரானே எண்டு கையை விடுவன்."

பாம்பைத் தூக்கி வயிற்றைப் பார்த்தேன். மெலிந்திருந்தது, ஆனால் சூட்டுக் காயம் ஒன்றும் இல்லை. அங்கிளும் நானும் தொட்டியை உள்சுவர்ப் பக்கம் மாற்றினோம். டயலைக் குறைத்து, தேத்தண்ணி குடித்து, இன்னும் கொஞ்சம் குறைத்து, இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பக்கம் எண்பத்தெட்டும் மற்றப் பக்கம் எழுபத்தொன்பதும் வந்தது. நான் சப்பாத்துப் போடும்போது பாம்பு மெல்லத் தலையை நீட்டி, சட்டியை விட்டு இறங்கியது. அன்ரி கும்பிட்டார்.

"ரெண்டு நாள் ஆற விட்டு, வெள்ளிக்கிழமை ஒரு எலி குடுங்கோ," என்றேன்.

"வெள்ளிக்கிழமையோ? இந்த வீட்டில வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் இல்லைத் தம்பி."

"அன்ரி, உது பாம்பு!"

"எண்டாலும் இந்த வீட்டுப் பாம்பு."

5

ஆகவே சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அன்ரி என்னையும் வரச் சொல்லியிருந்தார். சுதன் பையைக்கூட இறக்காமல் தொட்டியடிக்கு ஓடினான். நடந்ததை அன்ரி தொடங்க முன் நானே சொன்னேன்: போனில் இருந்துகொண்டு உன்னுடைய பாம்பை அவிக்கப் பார்த்தது நான், தண்ணி மாற்றிக் காப்பாற்றியது அம்மா.

சுதன் என்னைக் கவனிக்கவே இல்லை. "அம்மா, you put your hand in there? நீங்களோ?"

"வாக்குக் குடுத்தனான்தானேடா," என்றார் அன்ரி.

இடுக்கியில் பிடித்துச் சுதன் எலியை நீட்டினான். பாம்பு அசையவில்லை. நாக்கை நீட்டியது, இழுத்தது. பிறகு படாரென்று ஒரு பாய்ச்சல்.

"சாப்பிடுறார்! சாப்பிடுறார்!" என்று அன்ரி குதித்தார். மகனைக் கட்டிப்பிடித்து அழுதார், சிரித்தார், கோழிக்கறி அடிப்பிடிக்கிறதென்று குசினிக்கு ஓடினார். அத்தனை சந்தோஷமாக நான் ஒரு வீட்டிலும் சாப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை ஒரு மட்டையில் எழுதி ரெலிபோனுக்கு மேலே ஒட்டினேன்: 'அது எங்கே படுத்துக் கிடக்கிறது?' பிறகு அந்தக் கடையில் இருந்த பதினொரு வருடமும், எத்தனை டிகிரி என்று கேட்க முதல் அதைத்தான் கேட்டேன். தெர்மோமீற்றர் தான் ஒட்டியிருக்கிற இடத்தைத்தான் சொல்லும். மிச்சத்தைப் பாம்பு சொல்லும், அதோடு இருக்கிற ஆள் சொல்லும். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பிறகு சிரிக்கலாம்.

அடுத்த கிழமை அன்ரி போன் எடுத்தார். "தம்பி, ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டிட்டு நடுவில நல்லா நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறார்."

"ஆர் அன்ரி?"

"ரெண்டு பேரும்தான்."