பவானி போட்ட உளவாளிக் கோட்டு

இது சத்தியமாக நடந்த கதை. சத்தியம் கொஞ்சம் குட்டையாக இருந்ததால் அங்கங்கே இழுத்து நீட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோட்டோரப் புளியமரங்களெல்லாம் வெட்டுப்பட்டு ரோட்டுக்குக் குறுக்கே படுத்துக்கிடந்த வருஷம். மலைமேல் கரியாலூரில் டிவிக்காக ஒரு உளவாளித் தொடர் எடுத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கதை. சென்னையிலிருந்து துணிப்பெட்டி வர வழியில்லை. கள்ளக்குறிச்சி தையல்காரன் தேசிங்கு ஒரே நாளில் உளவாளிக்குக் கோட்டு தைத்தான். அவன் மிஷின் ஓடிய வேகத்தில் மலையில் பெய்த மழையே நின்றுபோனது. கோட்டைத் தலையில் வைத்து நடந்தே மலையேறினான்.

"புதுசா மினுக்குதுய்யா. பத்து வருஷம் போட்ட மாதிரி வேணும். நாலு நாள்ல கொண்டா" என்று டைரக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

தேசிங்கு வீட்டுக்கு வந்து இடிந்துபோய் உட்கார்ந்தான். பெண்டாட்டி பவானி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கரும்பு வெட்டக் கிளம்பினாள்.

"இன்னாடி, கலெக்டரம்மா கணக்கா போய்க்கினு இருக்க?"

"யோவ், எங்கூட இருந்து நீயே நைஞ்சிட்ட, கோட்டு நையாதா?"

நாலாம் நாள் கோட்டு வெளுத்து, முழங்கை தேய்ந்து, கழுத்துப்பட்டையில் அவள் பூசிய மஞ்சள் ஒட்டியிருந்தது.

"கறைய தொவச்சிடட்டா?"

"இருக்கட்டும். உன்ன நாடே பாக்கட்டும்" என்றான் தேசிங்கு. டைரக்டர் கோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தொடர் வந்த அன்று பஞ்சாயத்து டிவியில் உளவாளி கதவைத் திறந்தான், திரும்பினான், சுடப்பட்டு விழுந்தான். அதற்குள் கழுத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. ஊரே பார்க்க, தேசிங்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நிறுத்துய்யா!" திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஊர் வெள்ளையன் எழுந்துவிட்டான். "அது கருப்பு வெள்ளை டிவி. மஞ்ச எப்பிடி தெரியும்?"

"அவ புருசனுக்குத் தெரிஞ்சிது, உனக்கு இன்னாடா?" என்று கூடக் கேட்டுக்கொண்டிருந்த ராணியம்மாள் பாய்ந்தாள்.

"கண்ணு எல்லாருக்கும் ஒண்ணுதான்!"

"உன் வூட்டுக்காரியக் கூப்புடு, அவ மஞ்ச உன் கண்ணுக்குத் தெரியுதான்னு கேப்போம்!"