திரும்பி வராத வசுதேவர்

இன்று அஷ்டமி ரோகிணி, கிருஷ்ண ஜயந்தி ஊர்வலம் பாறசாலை ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. குட்டிக் கண்ணன் ஒருவன் என்மேல் மோத, அவன் முகத்து அரிதாரம் சட்டையில் ஒட்டிக்கொண்டது. முகர்ந்தேன். அவ்வளவுதான், நான் தேவகி ஆகிவிட்டேன். சிரிக்காதீர்கள். பத்தொன்பது வயதில், தற்காலிகத் தமிழ் வாத்தியாராகச் சேர்ந்த வருடம், மீசையை எடுத்துவிட்டு, மார்பில் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் கட்டிக்கொண்டு ஊர் நாடகத்தில் கிருஷ்ணனைப் பெற்றவன் நான்.

எல்லைப் போராட்டக் காலம். திருவிதாங்கூர்த் தமிழர்களான எங்களை மதராஸோடு சேர்க்கச் சொல்லி ஊரே கொதித்தது. இருட்டிய பிறகு கூட்டம் கூடத் தடை. ஆகவே நள்ளிரவில் பிறக்கவேண்டிய பகவான் அந்த வருடம் பிற்பகல் மூன்று மணி வெயிலில் பிறந்தார். வசுதேவர் என் கூட்டாளி தங்கையன். மறியலுக்காகப் போலீஸ் அவனைத் தேடிக்கொண்டிருந்தது. "எலே, வராதே" என்றேன்.

"வேற எவன் மக்கா கூடைய சுமப்பான்? நான் வாறேன்."

மேடையில் விலங்கு கழன்றது. நாடகக் காவலர்கள் குறட்டை விட்டார்கள். நிஜக் காவலர் இருவரோடு ஏட்டு வந்து நின்றார். தங்கையன் குழந்தைப் பொம்மையைக் கூடையில் வைத்துத் தலையில் ஏற்றினான். ஏட்டோ பெரிய கிருஷ்ண பக்தர். தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். "பகவானெ கொண்டு போவுன்ன ஆளெ தொடான் பாடில்லா. பெண்கொச்சுமாயி திரிச்சு வரும். அப்போ பிடிக்காம்." பகவானைச் சுமப்பவனைத் தொடக்கூடாதாம்; திரும்பி வரும்போது பிடித்துக்கொள்வாராம். பெண் குழந்தையோடு வசுதேவர் சிறைக்குத் திரும்பித்தானே ஆகவேண்டும்! கதை தெரிந்த மனுஷன்.

யமுனையாக இருவர் நீல வேட்டியை ஆட்ட, ஜனம் வழிவிட, தங்கையன் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் இறங்கி மறைந்தான்.

அவன் தூரம் தாண்டும்வரை ஏட்டைப் பிடித்துவைப்பது என் பாடு. புலம்பினேன், ஐயா, அப்படிப் புலம்பினேன்! எழுதிய பாட்டு தீர்ந்ததும் பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பாரி ராகத்தில் இழுத்தேன். ஒரு சிரட்டை இடுப்புக்கு இறங்கிவிட்டது. ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மோளே, கரயண்டா. இப்போ வரும்" என்று, அழவேண்டாமென எனக்கே ஆறுதல் சொன்னார். வெயில் சாய்ந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது.

பிறகு எல்லைக் கோடு விழுந்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, அங்கே அவன். இந்தப் பக்கம் கேரளம், இங்கே நான். சில வருடம் கழித்துக் கைக்குழந்தையோடு வந்தான். என் மடியில் போட்டான். "பெண்ணு ஆக்கும். கொண்டு வந்துட்டேன், இனி ஏட்டைப் புடிக்கச் சொல்லு." சிரித்துச் சிரித்து அழுதோம்.

தங்கையன் இப்போது இல்லை. நாடகம் நின்றது, மரச்சீனித் தோட்டத்தில் கல்யாண மண்டபம். அரிதாரம் பூசிய அந்தப் பயலிடம், "உன்னை இங்க சுமந்து கொண்டுவந்தது யாருடா?" என்று கேட்டேன். என் தமிழ் விளங்காமல் விழித்தான். அவன் அம்மா என் கேள்வியை மலையாளத்தில் சொன்னாள்.

"அச்சன்" என்றான் கண்ணன். "ஸ்கூட்டரில்."