முப்பத்தொன்று கழியாத பிள்ளை

ஜெர்மனியில், டுசல்டோர்ஃப் நகரில் எங்கள் ஆட்களின் பிறப்பும் இறப்பும் பாதிக்குமேல் என் வாய்வழியாகத்தான் அலுவலகங்களுக்குப் போகும். மொழிபெயர்ப்பு வேலை. பிரசவ அறையிலும் நின்றிருக்கிறேன், பிண அறை வாசலிலும் நின்றிருக்கிறேன். இரண்டு இடத்திலும் எங்கள் சனம் பதில் சொல்லமுதல் ஒருதரம் சுற்றிப் பார்க்கும்.

அன்று சுகாதார அலுவலகத் தாதியோடு போனது குழந்தை பிறந்த வீட்டுக்கு. இளம் தாயின் தகப்பன் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தவர். தகனம் முடிந்து சில நாள்தான். சளி இருமல் என்று எல்லோரும் நினைத்தது காசநோய் என்று அவர் இறந்த பிறகுதான் முடிவு வந்தது. கைக்குழந்தைக்கு அது தொற்றினால் உயிருக்கே ஆபத்து, உடனே மருந்து தொடங்கவேண்டும். ஆகவே தாதிக்கு ஒரே கேள்வி: பிள்ளை அவருக்குக் கிட்டப் போனதா?

பதில் சொன்னது அந்தத் தாயின் மாமியார். அவருக்கு ஜெர்மன் தெரியாது. நான் போனதே அவருக்காகத்தான். துடக்கு, பிள்ளை பிறந்த தீட்டு, என்றால் என்னவென்று தெரியாதவளா நீ என்பதுபோல என்னைப் பார்த்தார். முப்பத்தொரு நாள் கழியாமல் குழந்தை வாசல் தாண்டாது, அவரும் இங்கே வந்ததில்லை.

"தகப்பன்ர செத்தவீட்டுக்கே இவளை நான் விடேல்லை," என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தகப்பன் அல்லவா! ஆனால் என் கோபத்தை மொழிபெயர்க்க யாரும் சம்பளம் தருவதில்லை. இவ்வளவு கண்டிப்பான வீட்டில் பிள்ளை எங்கே வெளியே போயிருக்கப்போகிறது? போகவில்லையாம் என்று ஜெர்மனில் சொன்னேன். தாதி பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

மருமகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தாதியிடம் நேரே ஜெர்மனில் சொல்லியிருக்கலாம், மாமியாருக்கு ஒரு சொல் விளங்கியிருக்காது. அவள் தமிழில் சொன்னாள்.

"மாமி, நீங்கள் கடைக்குப் போன அண்டைக்கு நான் பிள்ளையைக் கொண்டுபோய் அப்பாக்குக் காட்டினனான். மடியில வைச்சுக் கொஞ்சினவர்."

வீடு இரண்டுபடப்போகிறது என்று நான் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன். மாமியார் குழந்தையின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கனநேரம் வைச்சிருந்தவரோ?"

"ஓம். திருப்பித் தர மனமில்லாமல் இருந்தவர்."

மாமியார் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவவுக்குச் சொல்லுங்கோ தங்கச்சி, மருந்து இண்டைக்கே தொடங்கட்டாம். இப்பவே வாறம்."

நான் சொல்லி முடிக்கமுதலே குழந்தைக்குத் தொப்பி போட்டாயிற்று. முப்பத்தொன்று கழியாத பிள்ளையைத் தன் கையிலேயே தூக்கிக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் வாசலைத் தாண்டினார்.