கொத்தனார் வருவதற்குள் காய்க்க வேண்டிய சுரைக்கொடி

வாடகை வீட்டில் தோட்டம் போடுகிறவர்களுக்குப் பூச்சியோடு போராட நேரம் கிடைப்பதில்லை. வீட்டுக்காரரோடு வாதாடவே பொழுது சரியாகிவிடும். என்னைப் போலவே அவதிப்படும் மக்களே, கேளுங்கள்.

திண்டுக்கல்லில் பத்து நாளைக்கு ஒருதரம் குழாய்த் தண்ணீர் வந்த வறட்சி வருஷம் அது. நான் எம்.ஏ. இரண்டாம் வருஷம். நானும் அம்மாவும் குடியிருந்த வீட்டுக் கொல்லையில், வீட்டுக்காரர் அந்தோணி மாமா தன் புது வேனை நிறுத்தச் சிமெண்ட் போடப் பார்த்தார். மண்ணை மூட உங்களுக்கு என்ன உரிமை என்று சண்டைக்குப் போனேன். அந்த மண்ணே அவருடையதுதான் என்பது பேசி முடித்த பிறகுதான் உறைத்தது. கடைசியில் ஓர் ஒப்பந்தம்: தீபாவளிக்குள் ஏதாவது காய்த்தால் கொல்லை தப்பிக்கும்; இல்லையென்றால் மறுநாள் கொத்தனார் வருவார்.

முளை

ஆடிக் கடைசியில் சுரை விதைகளை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஒரு விரல்கணு ஆழத்தில் ஊன்றினேன். அவசரத்தில் ஆழமாக அமுக்கிய இரண்டும் வரவேயில்லை. மற்ற மூன்றும் ஆறாம் நாள் மண்ணைப் பிளந்துகொண்டு, விதை ஓட்டைத் தொப்பியாக மாட்டியபடி நின்றன. பக்கத்திலேயே குந்தி ஒவ்வொன்றாக எண்ணினேன். எந்தப் பேச்சுப்போட்டிக் கோப்பையும் எனக்கு இத்தனை சந்தோஷம் தந்ததில்லை. பக்கத்து வீட்டிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார்.

"முளைக்கிறது என்ன அதிசயம் புள்ள? சிமெண்ட்டு வெடிச்சா அதுலகூடத்தான் முளைக்கும்."

தண்ணீர்

துணி துவைத்த சோப்புத் தண்ணீரை ஊற்றி இலை ஓரமெல்லாம் கருகிய பிறகு புத்தி வந்தது. பானையின் அடியில் ஓட்டை போட்டு, துணித்திரி செருகி, வேரோரம் புதைத்து, அரிசி களைந்த தண்ணீரை அதில் ஊற்றினேன். சொட்டுச் சொட்டாக இறங்கி மூன்று நாள் தாங்கியது. தெருவே காய்ந்து கிடக்க, என் கொடி மட்டும் பந்தலேறிப் பச்சைப்பசேலென்று படர்ந்தது. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"உங்கொடிக்குத் தாகம்னா நாம மூணு வேளையும் சோறு திங்கணுமாடி? இட்லியைக் கண்ணால பாத்து எம்புட்டு நாளாச்சு!"

பூ, வெறும் பூ

புரட்டாசி பிறந்ததும் சாயங்காலந்தோறும் வெள்ளைப் பூ. ஒவ்வொன்றாக அவிழ்வதைப் பார்க்கப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்காருவேன். ஆனால் மூன்று வாரமாகியும் காய்க்கிற வழியைக் காணோம். பெண் பூவென்றால் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். இங்கே எல்லாம் மெல்லிய காம்பில் நின்ற ஆண் பூக்கள். கொடியிலுமா ஆம்பளை ஆதிக்கம்! மாமாவுக்கு ஏக குஷி.

"வெறும் பூவுக்குன்னா நிலக்கோட்டைக்குப் போ தாயி. மல்லிகை போட்டுப் பொழைக்கலாம். நான் கொத்தனார்ட்ட சொல்லிட்டேன்."

ஆடு

மறுவாரம் கல்லூரி விட்டு வந்து பார்த்தால், மாமாவின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு, துவைக்கிற கல்மேல் ஏறி நின்று, மூன்று கொடிகளின் நுனியையும் மென்றுகொண்டிருந்தது. ஒரு நுனி மிச்சமில்லை. ஆட்டை விரட்டிவிட்டு நேராக அவர் வாசலுக்குப் போனேன். ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பின் ஆடு குறுக்கிட்டால் கெடுவை நீட்டுவதுதான் நியாயம் என்று அரைமணி நேரம் வாதாடினேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஆடு தின்னதுக்கெல்லாம் வாய்தாவா? சரி, கார்த்திகை ஒண்ணாந்தேதி. செத்த நேரம் என்னைச் சும்மா விடு."

கார்த்திகை ஒண்ணு

பத்து நாளில், கடித்த இடத்துக்குக் கீழே கணுவுக்குக் கணு பக்கக்கிளை வெடித்தது. அந்தக் கிளைகளில்தான் பெண் பூக்கள்! ஒவ்வொன்றின் அடியிலும் பூனைமயிரோடு கட்டைவிரல் அளவுப் பிஞ்சு. சாயங்காலம் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவிவிட்டேன். நாலாம் நாள் பிஞ்சு பருத்திருந்தது. தொட்ட என் விரலை நானே பயபக்தியோடு பார்த்துக்கொண்டேன். நுனியைக் கிள்ளினால் கொடி கிளைத்துக் காய்க்கும் என்பது அன்றுதான் புரிந்தது. நீங்கள் நகத்தாலேயே கிள்ளுங்கள், ஆடு வேண்டியதில்லை.

சொன்ன தேதியில் கொத்தனார் கரண்டியோடு வந்தார். பந்தலில் பதினொரு காய். கீழே நின்ற மாமா ஒரு காயைக் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் தடவினார். பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினார்.

"வேன் தெருவுலயே கிடக்கட்டும்யா. இம்புட்டையும் தொங்கவிட்டுக்கிட்டு நிக்கிது, இதுக்குக் கீழ எப்பிடிய்யா கலவையக் கொட்டுறது?"

இத்தனை வருஷ வாதத்தில் நான் ஜெயித்த ஒரே வழக்கு இதுதான். அதையும் வாதாடியது ஆடு.