ஒன்றரைக் கையால் தாங்கிய வானம்

மூச்சு விடுவதற்கு ஒரு மனிதன் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் மனைவியின் அண்ணன் அப்படி நினைக்கவில்லை.

நிமோனியா வந்து போன பிறகு, நாங்கள் குடியேறிய மவுண்ட் ஆல்பர்ட்டின் ரயில் நிலையப் படிகளில் பாதியிலேயே நின்றுவிடுவேன். மூச்சு வாங்குவது தெரியாமலிருக்க, போனில் ஏதோ முக்கியமான செய்தி வந்ததுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நடிப்பில் நான் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன். மெதுவான உடற்பயிற்சி ஏதாவது செய்யும்படி டாக்டர் சொன்னார்.

வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் காலை வேளையில் சீனப் பெண்கள் சிலர் கூடிச் சீகோங் என்கிற மூச்சுப் பயிற்சி செய்வார்கள். மூச்சை இழுத்தபடி கையை உயர்த்துவார்கள்; விட்டபடி இறக்குவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால், தண்ணீருக்கு அடியில் நின்று துணி காயப்போடுகிறார்கள் என்று தோன்றும். ஒருநாள் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது. அங்கே எல்லாம் சீன மொழிதான். அதனால் எனக்கு முன்னால் நின்ற ஊதாத் தொப்பிப் பெண்மணியைக் குருவாக வரித்துக்கொண்டேன். அவர் செய்ததை அச்சுப் பிசகாமல் செய்தேன். பள்ளிக்கூடத்தில் முன்வாங்கில் இருப்பவனைப் பார்த்தெழுதியே பாஸ் பண்ணியவனுக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?

குளிர்காலம் முடியுமுன்னே, போனைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலே அந்தப் படிகளை ஏறி முடித்தேன். மேலே நின்று கையைத் தட்டிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். ரயில் வந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் மனைவியின் அண்ணன் காரில் அந்தப் பக்கமாகப் போயிருக்கிறார். என்னைப் படம் பிடித்து, கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கீழே ஒரு வரி: ‘மச்சான் சீனாவுக்கு விசா எடுத்திட்டார்.’ கோயிலே சிரித்தது. மாலையில் தேத்தண்ணி குடிக்க எங்கள் வீட்டுக்கே வந்தார்.

“மச்சான், எங்கட பிராணாயாமம் இருக்க, நீர் அங்கை போய் நிண்டு காத்துக்குக் கை காட்டுறீர். வெக்கமா இல்லையே?”

“நீர் பிராணாயாமம் செய்யிறனீரோ?”

“அது வேறை கதை. எனக்கு எங்கை நேரம்?”

“அப்ப எங்கட மூச்சை நீர் பத்திரமா வைச்சிரும். நான் கிடைக்கிற இடத்திலை இழுக்கிறன்.”

மனைவி சிரிக்கவில்லை. “இஞ்சருங்கோ, பகிடியை விடுங்கோ. கோயிலிலை உங்கட கையைப் பற்றித்தான் கதை. இனி அங்கை போக வேண்டாம்.”

அவள் வேண்டாம் என்றால் எங்கள் வீட்டில் அது சட்டம். சோபாவின் நிறத்திலிருந்து என் மீசையின் நீளம்வரை அப்படித்தான் முடிவாயிற்று. ஆனால் இது என் நெஞ்சுக்கூட்டுக்குள் நடக்கிற காரியம்.

“போவன்,” என்றேன். அதைச் சொன்ன குரல் யாருடையது என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன்.

அவர் போன பிறகு, என் கையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளாலும் வானத்தைத் தாங்குகிற பயிற்சி அது. எல்லோருடைய கைகளும் தலைக்கு மேலே. என் இடக்கையும் மேலேதான். வலக்கை மட்டும் காதோடு மடங்கி, நிற்காமல் போன பஸ்ஸை மறிப்பதுபோல் தொங்கியது. எனக்கு முன்னால் நின்ற ஊதாத் தொப்பிக்காரரின் வலக்கையும் அதே இடத்தில், அதே மடிப்போடு.

மறுநாள் காலை அவரிடம் படத்தைக் காட்டினேன். பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னொருமுறை பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். தன் வலது தோளைத் தொட்டுக் காட்டி, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: “என் தோள் கெட்டது. மேலே போகாது. உன் தோள் நல்லது. நீ ஏன்?”

இத்தனை காலமும் நான் அந்த அம்மாவின் தோள்வலியை மிகுந்த பக்தியோடு பயின்று வந்திருக்கிறேன்.

அவர் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்ல, வரிசை முழுவதும் சிரித்தது. கோயிலுக்குப் பிறகு பூங்காவிலும் என் கைதான் பகிடி. ஆனால் இவர் சிரித்துக்கொண்டே தன் நல்ல கையால் என் வலக்கையைப் பிடித்து மேலே தள்ளினார். மூட்டு அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம் போட்டது. மூச்சு, இதுவரை நான் அனுப்பாத ஏதோ ஒரு மூலைக்குப் போயிற்று. பின்னால் நின்றால் இன்னும் என்னென்ன வியாதிகளைக் கற்றுக்கொள்வேனோ என்று பயந்தாரோ என்னவோ, முதுகில் கைவைத்து என்னை முன்வரிசைக்குத் தள்ளிவிட்டார். முன்வரிசை வீதியோரம். போகிற வருகிற கார்கள் எல்லாவற்றுக்கும் நன்றாகத் தெரியும் இடம்.

அடுத்த நாள் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு புறப்பட்டேன். மனைவி கதவடியில் நின்றாள்.

“அண்ணை கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

“இண்டையிலிருந்து நான் முன்வரிசை எண்டு சொல்லும். காரிலை இருந்தே பார்க்கலாம், கழுத்தை நீட்டத் தேவையில்லை.”

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். வழியை மட்டும் விடவில்லை. நான் பக்கவாட்டில் நுழைந்து, வயிற்றை உள்ளே இழுத்து, அவளைத் தாண்டி வெளியே போனேன்.