அழிக்கச் சொன்னது நான்தான்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எதிரே என் சித்தப்பா ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஆறு கம்ப்யூட்டர்கள். அந்த ஆறையும் ஒரே மாலையில் கெடுத்தவன் நான். அப்போது ஏழாம் வகுப்பு. இப்போது தலை நரைத்துவிட்டது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பெரியப்பா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டியவர். மிஷினில் சிக்கி வலது கையில் மூன்று விரல்கள் போயின. அன்று அவர் டூட்டிக்கே வரவில்லை என்று காண்டிராக்டர் சாதித்தார். அன்று உள்ளே போனதற்கான கேட் பாஸை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவரும் அவர்தான். நல்லவேளையாக அதற்கு முன்பே சித்தப்பா அதை ஸ்கேன் செய்து, இரண்டாவது கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தப் படம் ஒன்றுதான் சாட்சி. அதைக் காட்டினால் கம்பெனியிலேயே லேசான வேலை ஒன்று வாங்கிவிடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். முதலில் கம்பெனிக்கு மெயிலில் ஒரு கடிதம் மட்டும் அனுப்பிவிட்டு, எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தோம்.

பள்ளி விட்டதும் தினமும் அந்த மெயில் பெட்டியைத் திறந்து பார்ப்பது என் வேலை. ஒருநாள் ஆங்கிலத்தில் ஒரு வரி: உங்கள் கடிதத்துக்கான பதில் இணைப்பில் உள்ளது. சித்தப்பா டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் படித்துவைத்து, நானே நல்ல செய்தி சொல்ல நினைத்தேன். இணைப்பை அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை. மிஷின் சரியில்லை போலிருக்கிறது என்று அடுத்ததில் திறந்தேன். அதிலும் வரவில்லை. அப்படியே ஆறிலும் திறந்து பார்த்தேன்.

மறுநாள் ஆறும் முடங்கின. கம்பெனி அனுப்பிய பதிலே இல்லையாம் அது. எவனோ விட்ட வைரஸ்.

செங்குன்றத்திலிருந்து சர்வீஸ்காரர் வந்தார். டெலிபோன் பில் கட்டப் புறப்பட்ட சித்தப்பா வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "ரெண்டாவது மிஷின்ல பெரியப்பாது கீது. அத்த மட்டும் காப்பி எடுக்கச் சொல்லு, மறந்துடாத."

சர்வீஸ்காரர் சிடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இன்னா தம்பி, எந்தப் புண்ணியவான் தொறந்தான்? எல்லாம் உள்ள பதிஞ்சிருக்கும். பாத்தா ஆளப் புடிச்சிடலாம். காப்பி கீப்பி எதுனா எடுக்கணுமா, அப்படியே அழிச்சிடவா?"

 பெரியப்பாவின் காகிதம் நினைவில் இருந்தது. அதைவிட என் பயம் பெரிதாக இருந்தது.

"ஒண்ணும் வேணாண்ணா. சித்தப்பா எல்லாத்தையும் அழிச்சிடச் சொன்னாரு."

இரண்டு நாள் கழித்து, வக்கீல் கேட்கிறார் என்று பெரியப்பா வந்தார். சித்தப்பா தேடினார். மறுபடியும் தேடினார். பிறகு அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"காப்பி எடுக்கச் சொன்னியாடா?"

"சொன்னேன் சித்தப்பா. அந்தாளுதான் எடுக்கல."

சித்தப்பா போனில் அந்த மனிதரைப் பேசாத பேச்சு இல்லை. அவர் ஏதோ சொல்ல வந்ததைக் காதில் வாங்காமல் வைத்துவிட்டார். நான் சுவரோடு ஒட்டி நின்று அழுதேன். பெரியப்பா வந்து, இடது கையால் என் தலையைத் தடவினார்.

"வைரஸ் துன்னுட்சி. அதுக்கு நீ இன்னா நைனா பண்ணுவ? அழுவாத."

கம்பெனி கையை விரித்துவிட்டது. அடுத்த மழைக்கு முன்பே பெரியப்பா ஆரம்பாக்கத்தில், எங்கள் தாத்தா கூலிக்கு உழைத்த அதே நிலக்காரர் வீட்டு வயலில் வரப்பு வெட்டப் போனார். நான் பள்ளிக்குப் போகும் ரயில் அந்த வழியாகத்தான் போகும். ஜன்னலிலிருந்து கை அசைப்பேன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரும் அசைப்பார். இனி ஷிப்டு இல்லை, சங்குச் சத்தம் இல்லை, நாள் முழுக்க வெட்டவெளியில் இருக்கலாம். பெரியப்பா கொடுத்துவைத்தவர் என்று நினைத்துக்கொள்வேன்.