என் மூளை பொய் சொல்லவில்லை

பழனியில் என் கணவனுக்குப் பஞ்சாமிர்தக் கடை. 'அவர்' என்றே எழுதிப் பழகிய கை இது. இங்கே 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். கல்யாணமான முதல் வருடத்திலேயே அடி தொடங்கிவிட்டது. ஆனால் அடித்த நாட்களைவிட அடிக்காத நாட்கள்தான் என்னை அதிகம் தின்றன. சாயங்காலம் அவன் பைக்கை நிறுத்தும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு வீடு எப்படியிருக்கும் என்று கணிப்பேன். ஸ்டாண்டை உதைத்தால் ஆபத்து. மெதுவாக இறக்கினாலும் நம்ப முடியாது. சமையலறையில் நின்றபடி மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விடுவேன். வருடக்கணக்கில் அப்படியே ஓடியது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டு பறந்து வந்து காதோரத்தைக் கிழித்தது. துண்டால் அழுத்திக்கொண்டு பஸ் ஏறி, கொடைக்கானல் மலையில் வில்பட்டியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மலையேறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப் போடும். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, எதற்காக அங்கே நிற்கிறேன் என்று யோசிப்பேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பழகிய சொல் நழுவிப்போகும். எனக்கே பயம் வந்து, திண்டுக்கல்லில் ஒரு மனநல டாக்டரிடம் போனேன்.

"உங்களுக்குப் பைத்தியமெல்லாம் இல்லைங்க," என்றார் அந்த டாக்டரம்மா. "ஆபத்து வந்தா அலாரம் அடிக்கிற இடம் ஒண்ணு மூளையில இருக்கு. உங்களுக்கு அது வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. இப்ப ஆபத்து போயிருச்சு, அதுக்கு நிறுத்தத் தெரியல. நடந்ததை வரிசையா அடுக்கி வைக்கிற இடமும் அந்தச் சத்தத்துல ஓய்ஞ்சுபோச்சு."

"சரியாகுமா?"

"நாளாகும். ஆனா மூளை தேறக்கூடியது. மாத்திரை வேணும், தூக்கம் வேணும். எல்லாத்தையும்விட, பயமில்லாத வீடு வேணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் அழுகை வரவில்லை, கோபம் வந்தது. காதோரக் காயம் ஆறியிருந்தது. அவன் என் தலைக்குள்ளேயும் கைவைத்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது.

சில வாரம் கழித்து அவனும் அவனுடைய அக்காவும் சமாதானம் பேச வந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் உறவான ஒரு பெரியவரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"அடிச்சாரு, அடிச்சாருங்கிறியே தாயி," என்றார் மாமா. "கடைசியா என்னைக்கு அடிச்சாரு? மொதல்ல இருந்து சொல்லு."

சொல்லத் தொடங்கினேன். தைப்பூசத்துக்கு மறுநாள் என்றேன். கொஞ்ச நேரத்தில், அன்றைக்கு ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது என்றேன். அவன் சிரித்தான்.

அவனுடைய அக்கா பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா? நேத்து வச்ச கொழம்பே இவளுக்கு ஞாபகம் இருக்காது. புத்தி பெசகிக் கெடக்கு. இவ பேச்சை நம்பி எந் தம்பிய குத்தவாளி ஆக்குறீங்களே!"

அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

"ஆமா மதினி, மறந்துதான் போகுது," என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். "காலேஜுல பாடத்தை ஒரு தடவை கேட்டா அப்படியே திருப்பிச் சொல்லுவேன். அந்தத் தலை எப்படி இப்படியாச்சுன்னு உங்க தம்பியைக் கேளுங்க. நாள் கெழமை மறந்துருச்சு. தட்டு வந்த வேகம் மறக்கல. அதுல இருந்த ரசம் கழுத்துல வழிஞ்ச சூடு மறக்கல. மாமா, இந்த மறதியே அடி வாங்கினதுல வந்ததுதாங்க."

"வாய மூடுடி! வெரசா கெளம்பு," என்று அவன் எழுந்தான்.

அவன் அறையின் அந்தப் பக்கம் நின்றான். அவன் கை நீளவேயில்லை. ஆனால் என் இரண்டு கைகளும் தாமாக எழும்பி முகத்தை மறைத்துக்கொண்டன. தோள் காதுவரை ஏறிவிட்டது. எல்லோரும் என் கைகளையே பார்த்தார்கள். நான் அவற்றைக் கீழே இறக்கினேன்.

"நான் வரமாட்டேன்."

மாமா தொண்டையைச் செருமினார். "நீ கெளம்புப்பா," என்று அவனிடம் சொன்னார். "இதுக்கு மேல கோர்ட்டுல பாத்துக்கலாம்." அண்ணன் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

கோர்ட்டிலும் அவன் வக்கீல் தேதி கேட்டார். "தெரியாதுங்க," என்றேன், இந்தத் தடவை வெட்கப்படாமல். தெரிந்ததை எல்லாம் சொன்னேன். விவாகரத்து கிடைத்தது. இப்போது கொடைக்கானலில் ஒரு விடுதியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள். போன குளிர்காலத்தில் ஒரு தடித்த நாவலைக் கடைசிவரை படித்தேன். முடிக்கும்போது தொடக்கம் நினைவிருந்தது.

பார்க்க வரும்போதெல்லாம் அண்ணன், "பழச மறந்துரு தாயி," என்கிறார்.

"எதை மறக்கணும், எதை வச்சுக்கணும்னு இனிமே நாந்தாண்ணே முடிவு பண்ணுவேன்," என்று சொல்லிவிட்டேன்.